மூன்று புளியங்கொட்டைகள்

மழை பொய்த்த வருசம். அருப்புக்கோட்டை அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலைகூட இல்லை. அச்சுக் கோக்கும் ஜெபதுரை மட்டும் மும்முரமாக இருந்தார். ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த மூன்று புளியங்கொட்டைகளை உருட்டுவதும், பார்த்துப் பார்த்து எழுத்தை எடுப்பதுமாக இருந்தார்.

“ஏலே, என்ன விளையாட்டு?” என்றார் கூட வேலை பார்க்கும் சின்னத்துரை.

“விளையாட்டு இல்லலே, மொட்டைக் கடுதாசி. ஒரு வெள்ளை விழுந்தா பெரிய எழுத்து. ரெண்டுன்னா சாய்ஞ்சது. மூணுன்னா தடிச்சது. எல்லாம் கறுப்புன்னா சாதா எழுத்து.”

“நீயே கலந்து கோத்தா என்ன?”

“நானாப் பொறுக்குனா என் கை தெரிஞ்சிரும். கொட்டை பொறுக்குனா யாரு கையும் தெரியாது.”

சின்னத்துரை கோத்தவரை வாசித்தார். கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணுக்கு வலிப்பு நோய் என்றிருந்தது.

“நெசமாலே?”

“பொய்தான்.”

“பாவம்லே. எந்த ஊருப் பொண்ணு?”

“கேக்காத. பேரைக் கடைசியிலதான் கோப்பேன்.”

பத்து நாள் கழித்து ஒன்றாம் தேதி வந்தது. டீச்சர் வேலை பார்க்கும் மகள் ராஜாத்தி, சம்பளக் கவரை வழக்கம்போல ஜெபதுரையிடம் நீட்டினாள். வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். கூடவே ஒரு காகிதத்தையும் கொடுத்தாள்.

“திருச்சுழி மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாகப்பா. இதோட மூணு இடம் போச்சு. எழுத்தைப் பாத்து யாரு கோத்ததுன்னு உங்களால சொல்ல முடியாதா?”

ஜெபதுரை காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரு கைன்னே தெரியலம்மா.”

சம்பளக் கவரைச் சட்டைப்பையில் செருகினார். உள்ளே கிடந்த கொட்டைகள் இடித்தன. அமுக்கிவிட்டுக்கொண்டார்.