எண்ணிக்கையில் வராதவர்

"இருபது பேரைப் பாக்கறதாத்தானே பேச்சு? பத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்களே."

மிசோபாத்தா அறிக்கையின் முதல் பக்கத்தைக்கூட இன்னும் திருப்பவில்லை.

ஒருவர் நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை, அதனால் சேர்க்கவில்லை என்றாள் சனாயே.

ஒசாகாவில் மருந்து நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் தெரு அது. ஐந்தாம் மாடியில், அந்தச் சின்ன அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். வெளியே ஜூன் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

மருந்து சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கே போய், எப்படிச் சாப்பிடுகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுப்பது சனாயேவின் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் பாதியை அதில் கழித்திருந்தாள். மிசோபாத்தா அவளைவிடப் பதினான்கு வயது சின்னவர். நிறுவனத்தின் புதிய ரத்த அழுத்த மாத்திரைக்கு அவர்தான் பொறுப்பு. அதைக் கடைக்குக் கொண்டுவர மூன்று வருடம் தூக்கம் கெட்டு அலைந்தவர்.

அந்த மாத்திரையைத் தொடங்கியவர்களில் பலர் ஆறே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வயதானவர்கள், மறந்துபோகிறார்கள் என்று மிசோபாத்தா முடிவு கட்டியிருந்தார். தினமும் காலையில் நினைவுபடுத்த ஒரு செல்போன் செயலி பாதி தயாராகிவிட்டது. அறிக்கையும் அதையே சொன்னால் அடுத்த வருட வேலை சனாயேவுக்குத்தான் என்று சொல்லாமல் சொல்லியிருந்தார்.

அறிக்கை அதைச் சொல்லவில்லை.

"யாரும் மறக்கல, மிசோபாத்தா-சான். முழுங்கப் பயப்படறாங்க. மாத்திரை பெரிசு, தொண்டையில நின்னுடுது."

அவர் முகம் இறுகியது. நிறுத்தியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மறந்துபோனதாகத்தான் டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார்களே என்றார்.

சனாயே வாதாடவில்லை. பையிலிருந்து சில படங்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். பிஸ்கட் டப்பா. தையல் பெட்டி. பழைய கையுறை ஒன்று. எல்லாவற்றுக்குள்ளும் பிரிக்காத மாத்திரை அட்டைகள். பத்தொன்பது வீட்டில் பதினொன்றில் இப்படி.

சாப்பிடுகிறீர்களா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மிச்சம் இருப்பதைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

மிசோபாத்தா கையுறைப் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். இப்படிக் கேட்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்றார்.

முதலில் பார்த்தவரால்தான் என்றாள் சனாயே. ஒரு பெரியவர். ஒரு மணி நேரம் எல்லாக் கேள்விக்கும் முகம் மாறாமல் நல்ல பதிலாகச் சொன்னார். பிறகு டீ போட எழுந்தவர் தவறான டப்பாவைத் திறந்துவிட்டார். தேயிலைக்குப் பதில் நாற்பது மாத்திரை தரையில் கொட்டியது. இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உண்மை வந்தது. டாக்டருக்குப் போன் செய்தால்தான் கிளம்புவேன் என்று இவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவருக்கு வேறு மருந்து, சின்ன மாத்திரை. அழுத்தமும் இறங்கியிருக்கிறது.

"அவர்தான் அந்த இருபதாவது ஆளா? சரியாப் போச்சு. இவ்வளவும் அவராலதான் தெரிஞ்சுது, அவரையே வெளிய தள்ளிட்டீங்க."

சேர்த்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். சனாயே தலையசைத்து மறுத்தாள். ஆள் யார் என்றாவது சொல்லக் கூடாதா என்றார்.

"பேர் வெளிய போகாதுன்னு சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் செருப்பைக் கழட்டறேன்."

அவருக்கு அது பிடித்திருந்தது. இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் முதல் முறையாக.

இருபது வயதில் ஒரு சின்ன மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்ததைச் சொன்னாள். உள்ளே டாக்டரிடம் தவறாமல் சாப்பிடுகிறேன் என்று தலையாட்டியவர்கள், வெளியே சீட்டு வாங்கும்போது குரலைத் தாழ்த்தி இவளிடம் வேறு சொல்வார்கள். அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே யாரும் இல்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்றாள்.

மிசோபாத்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். செயலியை நிறுத்திவைப்பதாகவும், மாத்திரையை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று தொழிற்சாலையில் கேட்பதாகவும் சொன்னார். மேலிடத்தில் திட்டு வாங்கப் போகிறேன் என்றார். ஆனால் பாரம் இறங்கியவர் மாதிரிதான் இருந்தார்.

"எங்கப்பாகூட இதைத்தான் சாப்பிடறாரு. அவரு ஒரு நாள் விடமாட்டாரு. ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல கேட்டுடுவேன்."

போனில் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்றாள் சனாயே.

அவர் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி நின்றுகொண்டே படித்தார். இந்த ஞாயிறு நேரிலேயே போய்விட்டு வருகிறேன் என்றார்.

சனாயே குனிந்து வணங்கி விடைபெற்றாள். லிஃப்ட்டில் தனியாக இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று அந்தப் பெரியவர் வீட்டில், எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் வாசல் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தாள். பெரியவரின் தோளில் கை போட்டுக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தபடி நின்றிருந்தார் மிசோபாத்தா. நிறுவனத்து ஆட்களின் குடும்பத்தாரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

பெரியவர் படத்தின் பக்கம் முகவாயைத் திருப்பிக் காட்டினார்.

"இவன் கொண்டு வந்த மாத்திரைம்மா. முழுங்க முடியலன்னு இவன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"