ஊதினால் புரளும் புத்தகம்

"தொடாதீங்க சார்! ஊதுங்க."

அருங்காட்சியக இயக்குநர் நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முப்பது வருடமாகக் கலைஞர்கள் கையால் செய்த புத்தகங்களைப் பார்த்து வருபவர். ஊதச் சொன்ன புத்தகம் இதுதான் முதல்.

குனிந்து ஊதினார். நாலைந்து பக்கங்கள் ஒன்றாகப் புரண்டன.

"இவ்வளவு பலமா வேண்டாம் சார். சும்மா மூச்சு விடுங்க, போதும்" என்றாள் அதைச் செய்தவள். அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை பார்ப்பவள்.

மூச்சு விட்டார். ஒரே ஒரு தாள், தூக்கத்தில் புரளும் குழந்தையைப் போல எழுந்து மறுபக்கம் சாய்ந்தது. அதில் வெட்டியிருந்த ஜன்னல்கள் வழியே அடுத்த பக்கத்துத் தெரு தெரிந்தது. இன்னொரு மூச்சு, தெருமுனை. இன்னொன்று, கடல். எழுத்தே கிடையாது. வெள்ளைத் தாளும் அதன் நிழலும்தான்.

தங்கள் மூச்சு பட்டுவிடுமோ என்று சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எப்படிம்மா செஞ்சீங்க?"

"காகிதக் கூழ் காய்ச்சித் தாளை நானே எடுத்தேன் சார். மூணு வருஷம் ஆச்சு. கனமா இருந்தா அசையலை, மெல்லிசா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஓரத்தைத் துளி மேல வளைச்சுவிட்ட பிறகுதான் வழிக்கு வந்துச்சு."

"மூச்சுதான் உயிர். உயிர் பட்டதும் உலகம் திறக்குது... என்ன ஒரு தத்துவம்!"

"ஐயையோ, அவ்வளவெல்லாம் யோசிக்கலை சார்."

அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். "இது எங்ககிட்டயே நிரந்தரமா இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காலாகாலத்துக்கும் காப்பாத்துறோம். சரியா?"

"முடியாது சார். சாயங்காலமே எடுத்துட்டுப் போயிடுவேன். எங்க அக்கா இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் கொடுத்தா."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊரே பார்க்க வேண்டியதை ஒரு அக்காவுக்காக வீட்டுல பூட்டி வைப்பீங்களா? அவங்களை இங்க வந்து பார்க்கச் சொல்லுங்க!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விபத்துக்கு அப்புறம் அவளுக்குக் கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாது சார். 'ஒரே ஒரு புத்தகத்தையாவது யாரையும் கூப்பிடாம நானே புரட்டணும்டி'ன்னு கேட்டா."