அடைப்புக்குறி

பிற்பகல் வெயில் ஊசியில் குத்திய தரைவண்டின் முதுகில் பச்சையாக மின்னுகிறது. அதைக் கண்டு பெயர் வைத்த அவள் கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவர் நாற்காலியில் பூச்சித் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. கண்ணுக்கு மேலே ஒரு முடி என்று அவர் எழுதிய இடத்தில் லென்ஸில் இரண்டு முடி தெரிகிறது. ஆகவே பேரினமே வேறு. பேரினம் மாறினால், பூச்சியின் பெயரை அடுத்து எழுதும் பெயர் வைத்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போக வேண்டும், அதுதான் விதி. போனில் மகள் கேட்கிறாள்: "அப்பா பேரைத் தூக்கிட்டியாம்மா?"

"தூக்கல. அடைப்புக்குறிக்குள்ள போடறேன்."

"உன் பேரு?"

"மாத்தினவளுக்கு அதுல எடமே கிடையாதுடி."

மகள் "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிடுகிறாள். வண்டின் பெயர்ச்சீட்டில் அவர் பெயருக்கு இடப்பக்கம் வளைவு போட்டாயிற்று. வலப்பக்கத்தை மூடத்தான் மனசு வரவில்லை; பேனா முனையில் மை காய்கிறது.