விற்காத சரக்கு

"சார், ஒண்ணு இந்த நர்சம்மா இங்க வரணும், இல்ல நாங்க வேலைக்கு வரணும். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க!"

கல்குவாரிக்குப் புதிதாக வந்திருந்த சூப்பர்வைசருக்குத் தலை கிறுகிறுத்தது. தொழிலாளர் லைன் வீட்டுச் சனங்கள் அத்தனை பேரும், வீடு வீடாகப் போய்ப் பிள்ளை வளர்ப்பு சொல்லித்தரும் நர்ஸும் தச்சர் பட்டறைக்குள் திரண்டிருந்தார்கள். கத்தியவன் லோடு ஏற்றுகிறவன். வாயில் பீடி அணைந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் 'புகைபோக்கி' என்று பெயர்.

"வீட்டுக்குள்ள பீடி கூடாதாம். வெளிய குடிச்சாலும் சட்டையை மாத்திட்டுத்தான் பிள்ளையைத் தூக்கணுமாம். சரி, போகட்டும். கல்லு சுமந்துட்டு வந்தவன் பிள்ளையை அணைச்சுக்கிட்டுக் கண்ணசரவும் கூடாதாம். என் பொண்டாட்டி இப்ப என்னைத் தரைக்குத் தள்ளிட்டா சார்!"

"உன் குறட்டைக்கு எப்பவோ தள்ளியிருக்கணும்" என்றாள் அவன் மனைவி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஒரு மாமியார்க்காரி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் அஞ்சு பெத்தவ. அத்தனையும் குப்புறப் போட்டாத்தான் தூங்கும். இவ என்னடான்னா, மல்லாக்கப் போடு, தலையணை வேணாம், மெத்து மெத்துன்னு எதுவும் விரிக்காதே, போர்வையைச் சுத்தாதேங்கிறா. பெத்தது பிள்ளையா, பலகையா?"

"அஞ்சுல இப்ப எத்தனைம்மா இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

மாமியார்க்காரியின் குரல் இறங்கியது. "மூணு. ரெண்டு தூக்கத்துலயே போயிடுச்சு. அது தலையெழுத்து."

"எல்லாச் சாவையும் தடுத்துடுவேன்னு நான் சொல்லலம்மா. ஆனா இப்படிப் படுக்க வச்சா நிறைய பிள்ளைங்க பிழைக்கும்."

"பிழைச்சிருக்கா? ஆதாரம் இருக்கா?" சூப்பர்வைசர் குறுக்கிட்டார்.

"வீட்டுல தூங்கும்போது செத்ததை யார் சார் கணக்கு வச்சாங்க?"

"அப்ப ஆதாரம் இல்ல. இத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு நீங்க இங்க வந்துதான் ஆகணுமா? நாளையிலேருந்து..."

"சார், ஒரு நிமிஷம்." இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தச்சர் எழுந்தார். "இந்தம்மா மேல எனக்கும் ஒரு புகார் இருக்கு."

"சொல்லுங்க, சொல்லுங்க!"

"பெரிய சைஸ் எப்பவும் போல போகுது. முன்னெல்லாம் சின்ன சைஸ் ஒண்ணு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்ததைக் கேட்டு வந்து நிப்பாங்க. உள்ள பஞ்சு வச்சு, வெள்ளைத் துணி போட்டு, ஓரத்துல லேஸ் வச்சு என் வீட்டுக்காரி தைப்பா. இந்தம்மா என்னைக்கு இங்க கால் வச்சாங்களோ, அன்னையிலேருந்து ஒண்ணு நகரல. எல்லாம் பரண்ல கிடந்து தூசி தின்னுது."

சூப்பர்வைசருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "கேட்டீங்களாம்மா? பஞ்சு வேணாம், மெத்தை வேணாம்னு ஊர் பூரா சொல்லி ஒரு உழைப்பாளி வயித்துல அடிச்சிருக்கீங்க!"

நர்ஸ் தச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் நிறைந்தன. குற்ற உணர்ச்சி என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க தச்சரே" என்றார் பெரிய மனதோடு. "எனக்கும் போன மாசம்தான் பையன் பிறந்திருக்கான். அந்தச் சின்ன சைஸ்ல ஒண்ணை இறக்குங்க. நானே எடுத்துக்கிறேன்."

மாமியார்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். புகைபோக்கி காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக் கீழே போட்டான்.

"வாயைக் கழுவுங்க சார்!" தச்சர் பதறினார். "உங்க பிள்ளை நூறு வருஷம் இருக்கணும். இந்தச் சரக்கு இனி எந்தக் காலத்துலயும் விக்கவே கூடாது. ஆதாரம் கேட்டீங்கல்ல? நல்லாப் பாருங்க!"

பரணை மறைத்திருந்த சாக்கை ஒரே இழுப்பில் இழுத்தார்.

இரண்டு முழம்கூட நீளமில்லாத சவப்பெட்டிகள், கேட்பாரற்று வரிசையாகக் கிடந்தன.