மெத்தை இல்லாத நாற்காலி

“பாபா, நாற்காலிக்கு அப்பா யாரு?” என்று மகள் சிறுவயதில் கேட்டபோது, “இந்தத் தெருவே தாம்மா” என்றார் பிஷோய். தச்சர் மரச்சட்டம் செய்வார், ரிஃபாத் வார்னிஷ் அடிப்பார், பிஷோய் மெத்தை தைப்பார். எகிப்தின் தச்சு ஊரான தும்யாத்தில் நாற்காலி அப்படித்தான் பிறக்கும். இன்று வெள்ளி நண்பகல். மகள் கனடாவில் இருக்கிறாள். தெருவே தொழுகைக்குப் போயிருக்க, கழுத்தில் சிலுவையோடு பிஷோய் மட்டும் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வாசல் வெயிலில், தச்சரும் ரிஃபாத்தும் கூடி உருவாக்கிய புது நாற்காலி ஈரம் மின்னக் காய்கிறது. தொழுகை முடிந்ததும் அதைப் பார்க்க கெய்ரோ வியாபாரி வருகிறார். அதற்கு மெத்தை கிடையாது; வியாபாரிக்குப் பிடித்துவிட்டால் இனி வருவதெல்லாம் இந்த மாதிரிதான். “முஅல்லிம், மெத்தை மாஸ்டரே, உங்க ஊசிக்கு லீவு விட்டாச்சு!” என்று சிரித்துவிட்டுத்தான் ரிஃபாத் போனார். “இடுப்பு வலிச்சா எங்கிட்டதான்யா வருவே” என்று பிஷோயும் சிரித்து வைத்தார்.

தெருமுனையில் மண்காற்று எழும்புகிறது. மரத்தூள் சுழன்று வருகிறது. ஈர வார்னிஷில் புழுதி ஒட்டினால் நாற்காலி பாழ். பிஷோய் ஊசியைப் பிடித்தபடியே பார்க்கிறார். மனைவியை அடக்கம் செய்த வாரம், பாதியில் கிடந்த இவருடைய மெத்தைகளை யாரோ கோணல் தையலில் முடித்து வைத்திருந்தார்கள். நூலில் வார்னிஷ் வாசம் வீசியது. ரிஃபாத் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை.

பிஷோய் எழுந்து போய், நாற்காலியை அடிப்பலகையில் கைகொடுத்துத் தூக்கி, ரிஃபாத்தின் பட்டறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார். பள்ளிவாசலிலிருந்து ஆமீன் ஒலிக்கிறது. தம் இடத்தில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிய வார்னிஷை மண்ணெண்ணெயால் துடைக்கிறார், வாசம் போகும்வரை.