தாளில் இறங்காத கடிதம்

"சார், உங்களுக்கு முடியாதுன்னா தாராளமா முடியாதுன்னு சொல்லிரலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

செல்வக்குமார் இதை மூன்று நாட்களாக மனப்பாடம் செய்திருந்தான். பேராசிரியர் ரத்தினசாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏலே, பரிந்துரைக் கடிதம் கேக்க வந்தியா, என்கூடச் சண்டைக்கு வந்தியா?"

"ஐயோ சார், மறுக்கிறதுக்கு அவுகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த இரண்டு பக்கம். நேரில் போய்க் கேட்க வேண்டும். ஆறு வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது. பணிவாக நினைவூட்ட வேண்டும்.

ரத்தினசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"பரிசு கூடாதுன்னு போட்டிருக்கே. அப்ப அந்தப் பையில என்ன?"

"சாத்தூர் சேவு சார். அம்மா கொடுத்துவிட்டுச்சு. பெரியவுக வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதாம்."

"சேவு பரிசுல வராது. அங்கன வை."

அம்மா பொன்மணிக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலை. அவன் விருதுநகரில் இயற்பியல் முடித்து, ஒரு வருடமாகச் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் இருந்தான். ஜெர்மனியில் மேற்படிப்புக்குக் கட்டணம் இல்லை. மார்க் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. பேராசிரியரின் கடிதம் மட்டும்தான் பாக்கி. டிசம்பர் பதினைந்துக்குள் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. அடுத்த வருடம் முதலாளி அவனை மேனேஜர் ஆக்கிவிடுவார். மேனேஜர் ஆன எவனும் அந்த அச்சகத்தை விட்டு வெளியே போனதில்லை.

"எழுதுறேன். ஆனா கண்ட தாள்ல கிறுக்கிக் கொடுக்கிறவன் நான் இல்ல. ஒவ்வொரு பையனையும் தனித்தனியா மனசுல நிறுத்திப் பாத்து எழுதணும். ஒரு மாசம் ஆகும்."

"ஆகட்டும் சார்," என்றான் செல்வக்குமார். அப்போது செப்டம்பர்தான்.

அச்சகத்தில் சீசன். எந்த வேலை எப்போது மெஷினில் ஏற வேண்டும் என்று முடிவு செய்வது செல்வக்குமார்தான். உள்ளே என்ன அச்சாகிறது என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. எத்தனை தாள், எத்தனை கலர், அவ்வளவுதான். பட்டாசு லேபிள் லட்சக்கணக்கில் காத்துக் கிடந்தது. நடுவில் ஏஜென்ட் பலவேசம் ஒரு துக்கடா ஆர்டரைக் கொண்டுவந்து போட்டார். ஆயிரம் தாள், ஒரே கலர். செல்வக்குமார் அந்த உறையின் மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதி அடியில் தள்ளினான்.

அக்டோபரில் போனான். அரை கிலோ சேவு.

"ஊறிக்கிட்டு இருக்கு," என்றார் ரத்தினசாமி.

நவம்பரில் போனான். ஒரு கிலோ.

"மனசுல எல்லாம் தயார்டா. தாள்ல இறங்க மாட்டேங்குது."

"சார், நான் வேணும்னா பக்கத்துல இருந்து..."

"பணிவா நினைவூட்டணும்னுதான போட்டிருக்கு? பக்கத்துல உக்காரணும்னா போட்டிருக்கு?"

டிசம்பர் முதல் வாரம் போனபோது ரத்தினசாமி வீட்டில் இல்லை என்று ரத்தினசாமியே ஜன்னல் வழியாகச் சொன்னார். சேவை வாசலில் வைக்கச் சொன்னார்.

டிசம்பர் ஒன்பது. நாளைக் காலை கூரியரில் போட்டால்தான் உண்டு. காலண்டர் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் செல்வக்குமார் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, பலவேசம் பேசுறேன். அந்த ஆயிரம் தாளு என்னாச்சு? பார்ட்டி அழாத குறை."

"அண்ணாச்சி, இங்கன காலண்டரே முடியல."

"அட, யாரோ ஒரு பய வீட்டுக்கே வந்து அவரு உசிர எடுக்கானாம். வெளிய தலை காட்ட முடியலையாம்."

"அந்தப் பயலைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. அவனுக்கு என்ன அம்புட்டு அவசரம்?"

"ஏதோ படிப்பு விஷயமாம்ப்பா. பாவம்லா?"

படிப்பு என்றதும் செல்வக்குமாருக்கு மனம் இளகிவிட்டது. தன்னைப் போல் எவனோ ஒருவன். தன் கதைதான் முடிந்தது, அவனாவது பிழைக்கட்டும்.

"சங்கிலிமுத்தண்ணே, சின்ன மெஷின்ல அந்த ஆயிரத்தை ஏத்துங்க."

"என்ன தம்பி, திடீர்னு தருமம்?" என்று சிரித்துக்கொண்டே மெஷின்மேன் சங்கிலிமுத்து பிளேட்டை மாட்டினார். மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. முதல் தாளை உருவி, மை சரியாக விழுந்திருக்கிறதா பார்க்கச் சொல்லி நீட்டினார்.

செல்வக்குமார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வழவழப்பான தாள். மேலே பேராசிரியர் ரத்தினசாமியின் பெயரும் பட்டங்களும். கீழே அழகான ஆங்கிலத்தில், பெயருக்குக் கோடிட்ட இடம் விட்டு, இப்படி இருந்தது: "______ போன்ற ஒரு மாணவரை என் முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் வேறு எங்கும் கண்டதில்லை."

"ஆயிரமும் ஓட்டவா தம்பி?" என்று கேட்ட சங்கிலிமுத்து, காலி உறையை அவன் மேஜையில் போட்டார். அதன் மேல் செப்டம்பர் தேதியிட்டு, சிவப்பு மையில், அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'அவசரமில்லை.'