வில்லையில் ஒரு கோடு

மீன்கொத்தியின் கருவிழி கோணலானது. ஒரு கெண்டை இரண்டாகத் தெரிய, நடுவில் பாய்ந்து பாறையில் அலகை இடித்துக்கொள்ளும். கூட்டில் குஞ்சுகள் இரண்டு நாளாகப் பட்டினி.

கண்ணாடி போட்டுத் தரும் தவளை, திசை காட்டக் கோடு போட்ட வில்லையொன்றை, கடைக்கு வந்த மீன்கொத்திக்கு மாட்டிய சட்டத்தில் செருகியது. மீன்கொத்தி அதைக் கொஞ்சம் திருகியதும் சுவரிலிருந்த மீன்படம் ஒன்றானது.

“இப்படியே இருக்கட்டும் ஐயா.”

“கோடு சாய்ந்து கிடக்கிறதே அம்மா. பார்க்கிறவர்கள் என் வேலையை என்ன சொல்வார்கள்?” என்று தவளை கோட்டை நேராக்கியது. மீன் மறுபடியும் இரண்டானது.

“மீன் பிடிக்கப்போவது நானா, உங்கள் கோடா?”

“கோடு சரிதான். உங்கள் கண்தான் ஒத்துழைக்கவில்லை.”

“அப்படியா? இப்போது எனக்கு இரண்டு தவளை தெரிகிறது. என் குஞ்சுகள் தவளையும் தின்னும்.”

தவளையின் கை வில்லைக்குப் போனது.

“எவ்வளவு சாய்க்கட்டும் அம்மா?”